அடிபட்ட ஆமை: உலர வைப்பதா, தண்ணீரிலேயே விடுவதா?

என் ரெட் இயர்டு ஸ்லைடர் நீராமை, தொட்டியைக் கழுவும் நேரத்தில் மேசையிலிருந்து விழுந்தது. ஓட்டின் பின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல், அதில் இழையாக ரத்தம். "தண்ணீர்தானே அதன் வீடு" என்று நினைத்துத் திரும்பத் தொட்டியிலேயே விட்டேன். மூன்றாம் நாள் விரிசலின் ஓரம் வெளுத்துப்போய், கிட்டே போனால் கெட்ட வாடை அடித்தது.

ஆமை ஓடு நகம் மாதிரி உயிரற்ற மூடி இல்லை. மேலே நகப்பொருளால் ஆன மெல்லிய தகடு, அதற்குக் கீழே முதுகெலும்பும் விலா எலும்புகளும் ஒட்டி விரிந்த உயிருள்ள எலும்பு. ரத்தம் வந்தால் அது திறந்த எலும்பு முறிவு. அதைக் கழிவு கலந்த தொட்டித் தண்ணீரில் ஊறவிட்டால் என்ன ஆகும் என்று பிறகுதான் உறைத்தது.

ஆக ஓட்டுக் காயம், ஓட்டழுகல், ஆழமான தோல் காயம் என்றால் என் வாக்கு உலர்த்தலுக்கே. பிளாஸ்டிக் டப்பா, அடியில் வெள்ளைத் துணி (ரத்தமோ சீழோ உடனே தெரியும், மணல் வேண்டவே வேண்டாம், காயத்தில் ஒட்டும்), ஒரு பக்கம் மட்டும் மேலே சூடு தரும் பல்பு. டப்பாவுக்குள் 27 முதல் 29 டிகிரி இருந்தால் நல்லது. ஈ உட்காராமல் வலை போட்டே ஆகவேண்டும், புண்ணில் முட்டையிட்டுவிடும்.

இந்த முறைக்கு ஒரு பெரிய குறை உண்டு. ஸ்லைடர் போன்ற நீராமைகளால் தண்ணீருக்குள் இருந்தால்தான் இரையை விழுங்க முடியும். தினமும் அரை மணி நேரமாவது வெதுவெதுப்பான சுத்தமான தண்ணீரில் விட்டுத் தீனி காட்ட வேண்டும், தண்ணீர் மட்டம் காயத்துக்குக் கீழே இருக்குமாறு. இதை மறந்துவிட்டு "உலர வைத்தேன், இளைத்துப்போச்சு" என்பவர்கள் நிறைய. குட்டி ஆமை என்றால் இன்னும் ஜாக்கிரதை, சீக்கிரம் வறண்டுவிடும்.

தண்ணீர் ஜெயிக்கும் இடங்களும் உண்டு. மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு, ஒரு பக்கம் சாய்ந்து மிதப்பது எல்லாம் நுரையீரல் கோளாற்றின் அடையாளம். அப்போது நாள் முழுக்க டப்பாவில் காயப்போடுவதால் லாபமில்லை. ஆழத்திலும் விடக்கூடாது. நின்றபடியே தலையைத் தூக்கி மூச்சு விடும் அளவுக்குத் தண்ணீர், ஹீட்டரை 28 டிகிரிக்கு ஏற்றி, ஏறி உட்கார ஒரு திட்டு. கண் வீங்கி மூடிக்கொண்டால் பெரும்பாலும் வைட்டமின் ஏ குறைவோ அழுக்குத் தண்ணீரோ காரணம். அதற்கும் தண்ணீரிலேயே இருக்கலாம், ஆனால் தினம் மாற்றிய தண்ணீரில். வைட்டமின் சொட்டு மருந்தைக் கைக்கு வந்தபடி ஊற்றாதீர்கள், அளவு மிஞ்சினால் தோலே உரியும்.

மருந்து விஷயத்தில் போட்டியே இல்லை: தண்ணீரில் வெளிறிய தேநீர் நிறத்துக்குக் கரைத்த பீட்டாடின் (புண் கழுவும் அயோடின் மருந்து) போதும். நுரைத்துப் பொங்குவதைப் பார்த்து ஹைட்ரஜன் பெராக்சைடை நம்புகிறவர்கள் உண்டு. அது நல்ல சதையையும் சேர்த்து எரிக்கும். பிசின், சூப்பர் பசை வைத்து விரிசலை மூடுவது அதைவிட மோசம், கிருமியை உள்ளே வைத்துப் பூட்டுகிற வேலை.

வீட்டு வைத்தியமா, மருத்துவரா? மேலோட்டமான கீறலுக்கு வீடு போதும். சதை தெரியும் விரிசல், முதுகின் நடுக்கோட்டில் அடி, மூச்சுத் திணறல் என்றால் ஊர்வன பார்த்துப் பழகிய மருத்துவரிடம் அன்றைக்கே போகவேண்டும். நாய்க்குக் கொடுக்கும் ஐவர்மெக்டினைப் பூச்சி மருந்தென்று கொடுத்துவிடாதீர்கள், ஆமைக்கு அது உயிர்க்கொல்லி. என் ஆமைக்கு செஃப்டாசிடிம் என்ற ஆன்டிபயாடிக் ஊசி, மூன்று நாளுக்கு ஒரு முறை, முன்னங்காலில். பின்னங்காலில் ஏன் போடவில்லை என்று கேட்டேன். பின்பக்க ரத்தம் உடலைச் சுற்றுமுன் சிறுநீரகம் வழியாகப் போகக்கூடும், மருந்து அங்கேயே வெளியேறிவிடலாம் என்றார் மருத்துவர். உடம்பு சூடாக இல்லாவிட்டால் எந்த ஊசியும் சரியாக வேலை செய்யாது, முதலில் பல்பைக் கவனியுங்கள் என்றும் சொன்னார்.

பல்பா வெயிலா என்றால் வெயில்தான், ஒதுங்க நிழல் இருந்தால். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் கணக்கில் சேராது, ஆமைக்குத் தேவையான யூவிபி என்ற புற ஊதாக் கதிரைக் கண்ணாடி வடிகட்டிவிடும்.

ஐந்து வாரம் டப்பா வாசம். கடைசி நாள் தொட்டியில் விட்டதும் நேராக ஃபில்டருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. சாயங்காலம் வரை வெளியே வரவில்லை.