எந்தச் செய்திக்கு எதை நம்பலாம்: கலைக்களஞ்சியம், அபிதான சிந்தாமணி, தமிழ் விக்கிப்பீடியா

தமிழ் விக்கிப்பீடியாவை நம்பலாமா என்று யாராவது கேட்டால், எந்தக் கட்டுரையை என்று திருப்பிக் கேட்பேன். பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தை நம்பலாமா என்று கேட்டால், எந்தக் காலத்துச் செய்திக்கு என்று கேட்பேன். இந்த இரண்டு கேள்விகளையும் கேட்காமல் 'புத்தகம்தான் சரி', 'இணையம்தான் வேகம்' என்று சண்டை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

நான் பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறவள். எழுத்துப்பிழை, சந்திப்பிழை பார்ப்பதற்குத்தான் கூலி. ஆனால் கைப்பிரதியில் ஓர் ஆண்டோ ஓர் ஊர்ப்பெயரோ உறுத்தினால், அதைச் சரிபார்க்காமல் அடுத்த பக்கத்துக்குப் போக மனம் வராது. அச்சேறிய தவறு அடுத்த பதிப்பு வரை அப்படியே நிற்கும். நம் ஊரில் அடுத்த பதிப்பு வருவதே அபூர்வம். அதனால் மேசையில் எப்போதும் மூன்று துணைகள்: தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம், அபிதான சிந்தாமணி, கணினியில் தமிழ் விக்கிப்பீடியா. மூன்றையும் தினமும் புரட்டுகிறவளாகச் சொல்கிறேன்.

முதலில் கலைக்களஞ்சியம். 1947இல் தொடங்கிய வேலை. சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியார் முன்னின்று தொடங்க, பெ. தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து முடித்தார். முதல் தொகுதி 1954, ஒன்பதாவது 1963, இணைப்பாக வந்த பத்தாவது 1968. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். கட்டுரையின் அடியில் எழுதியவருடைய பெயரின் முதலெழுத்துகள் இருக்கும். அந்த எழுத்துகளைக் கொண்டு ஆள் யார் என்று முன்பக்கப் பட்டியலில் கண்டுபிடித்துவிடலாம். எனக்கு இதுதான் அந்த நூலின் மிகப் பெரிய பலம். தாவரத்தைப் பற்றித் தாவரவியல் படித்தவர் எழுதியிருக்கிறார், அதற்குத் தன் பெயரையும் கொடுத்திருக்கிறார். தமிழும் அருமை. விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்ல முடியுமா என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஆங்கில வாக்கியத்தின் சாயல் தெரியாத, நிதானமான உரைநடையில் சொல்லிக் காட்டியிருக்கிறார்கள். ஒரு கருத்தை விளக்கும் பத்தி எப்படி இருக்க வேண்டும் என்று இளம் எழுத்தாளர் யாராவது கேட்டால், இன்றைக்கும் இந்தத் தொகுதிகளைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

ஆனால் புத்தகத்துக்கு வயது உண்டு. அதிலும் இந்த நூலுக்குத் தொகுதிக்கு ஒரு வயது. அகரத்தில் தொடங்கும் செய்திகள் 1954ஆம் ஆண்டின் அறிவு, கடைசி எழுத்துகளில் வருபவை 1963ஆம் ஆண்டின் அறிவு. நடுவில் 1957இல் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் போய்விட்டது, 1961இல் ககாரின் விண்வெளிக்குப் போய்த் திரும்பிவிட்டார். முதல் தொகுதி வந்தபோது கன்னியாகுமரி திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. நம்மோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1இல். ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற கணக்கு மாறியது 1957 ஏப்ரலில். 'சென்னை இராச்சியம்' தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரி 14இல். மனிதன் நிலவில் இறங்கியதும் அதே ஆண்டில்தான். கடைசித் தொகுதி 1968 என்பதால் இந்த இரண்டும் அதில் கிடையாது. எனவே மக்கள்தொகை, எல்லை, நிர்வாகம், மருத்துவம் என்று எதற்கும் இதைக் கடைசி வார்த்தையாக வைத்துக்கொள்ளக் கூடாது. 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்பதால் ணை, லை, றா எல்லாம் பழைய வடிவில் இருக்கும். இருபது வயதுப் பிள்ளைகள் அங்கே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கம் படித்தால் பழகிவிடும்.

அபிதான சிந்தாமணி வேறு வகை. ஆ. சிங்காரவேலு முதலியார் என்ற ஒரு மனிதர் ஆண்டுக்கணக்காகத் தனியாளாகத் தொகுத்தது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக 1910இல் வந்தது. விரிவான இரண்டாம் பதிப்பு அவர் மறைந்த பிறகு 1934இல். அதற்கும் முன்பே, 1902இல், யாழ்ப்பாணத்தில் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை இதே வகை நூலான அபிதான கோசத்தை வெளியிட்டுவிட்டார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. சிந்தாமணியில் புராணப் பாத்திரம், புலவர், அரசர், மூலிகை, சாதி, தலம் எல்லாம் ஒரே அகரவரிசையில் வரும். பாகவதத்தில் வரும் ஓர் அரசன் யாருடைய மகன் என்று பார்க்க வேண்டுமா? இதைவிட வேகமான நூல் எனக்குத் தெரியாது, கூகுளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆனால் சில பதிவுகளில்தான் எந்த நூலிலிருந்து எடுத்தது என்ற குறிப்பு இருக்கும். வரலாற்றில் வாழ்ந்த மன்னனும் புராணத்து மன்னனும் ஒரே தொனியில் பேசப்படுவார்கள். கதை மரபுக்குச் சிந்தாமணி, கல்வெட்டு வரலாற்றுக்கு வேறு நூல் என்று பிரித்துக்கொண்டால் ஏமாற மாட்டோம்.

இனி தமிழ் விக்கிப்பீடியா. 2003இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் தொடக்கத்தில் ஏறக்குறையத் தனியாகவே அடித்தளம் போட்டார். ஒரு லட்சம் கட்டுரையை 2017இல் தொட்டார்கள், பிறகு ஒன்றரை லட்சத்தையும் தாண்டிவிட்டார்கள். எல்லாம் சம்பளம் வாங்காத கைகள். அவர்கள் மேல் எனக்கு இருக்கும் மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. அந்த மரியாதையால்தான் குறைகளையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

விக்கிப்பீடியா என்றால் எவனாவது விளையாட்டுக்கு எதையாவது எழுதிவிடுவான் என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். தமிழில் அது சின்னப் பிரச்சினை. கெட்ட வார்த்தை எழுதினால் சீக்கிரம் யாராவது பார்த்து நீக்கிவிடுகிறார்கள். பெரிய பிரச்சினை, யாருமே பார்க்காத கட்டுரைகள். ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட பக்கங்களைத் தொடர்ந்து கவனிக்கச் சில நூறு பேருக்கு மேல் இல்லை. 2009, 2010 வாக்கில் கூகுள் நிறுவனம் கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை வைத்து ஆங்கிலக் கட்டுரைகளை நூற்றுக்கணக்கில் தமிழாக்கி ஏற்றியது. நீளமான கட்டுரைகள், ஆனால் தமிழ் வாக்கியமாக நிற்காதவை. அப்போதே தமிழ் விக்கிப்பீடியர்கள் எதிர்ப்புத் தெரிவித்து, தரத்துக்கு நிபந்தனைகள் போட்டார்கள். மெச்சத்தக்க காரியம். இருந்தாலும் அந்தக் கட்டுரைகளில் பல இன்னும் முழுதாகத் திருத்தப்படாமல் கிடக்கின்றன. அவற்றில் 'தற்போது', 'அண்மையில்' என்று வந்தால் அது 2009இன் 'தற்போது' என்று எடுத்துக்கொள்ள வேண்டும். எழுவாய் எது, பயனிலை எது என்று தெரியாத வாக்கியத்தில் ஓர் எண் இருந்தால், அந்த எண்ணையும் நான் நம்புவதில்லை. மொழிபெயர்த்தவருக்கே பொருள் விளங்கவில்லை என்றால் எண் மட்டும் எப்படிச் சரியாக வந்து சேரும்?

ஊராட்சிக் கட்டுரைகள் இன்னொரு வகை. தமிழ்நாட்டுச் சிற்றூராட்சிகளுக்கு அரசுத் தரவிலிருந்து ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் உருவாக்கியவை. 2011 கணக்கெடுப்பின் மக்கள்தொகை, குடிநீர் இணைப்பு, கைக்குழாய், மேல்நிலைத் தொட்டி, சிற்றூர்களின் பெயர் என்று வரிசையாக இருக்கும். எந்த அச்சு நூலிலும் கிடைக்காத விவரம் இது. ஆனால் மாவட்டப் பெயரை மட்டும் இரண்டாவது முறை பார்த்துக்கொள்ளுங்கள். 2019இல் தென்காசி திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது, கள்ளக்குறிச்சி, இராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு வந்ததும் அதே ஆண்டில்தான், 2020இல் மயிலாடுதுறை. ஒரு வரியில் புது மாவட்டம், இன்னொரு வரியில் பழைய மாவட்டம் என்று நிற்க வாய்ப்பு உண்டு.

விக்கி உண்மையிலேயே மின்னும் இடம் ஈழம். யாழ்ப்பாணத்து ஊர், பாடசாலை, பழைய பத்திரிகை, அண்ணாவிமார் (கூத்துப் பழக்கும் ஆசான்கள்) என்று எதைத் தேடினாலும் அங்கே எழுதியவர்களுக்கு ஊரைத் தெரியும். அடிக்குறிப்பைத் தட்டினால், ஈழத்து நூல்களைச் சேர்த்துவைக்கும் இணைய நூலகமான நூலகம் திட்டத்தின் தளத்தில் வருடி வைத்திருக்கும் மூல நூலே திறக்கிறது. சொன்னவர் யார் என்று மட்டும் கலைக்களஞ்சியம் காட்டும். எதை வைத்துச் சொன்னார் என்பதை அந்தப் பக்கத்திலேயே கண்ணால் பார்க்க வைப்பது இங்கேதான் நடக்கிறது.

இணையத்துக்காக வாதாடுகிறவர்கள் 2005 டிசம்பரில் 'நேச்சர்' இதழ் செய்த ஒப்பீட்டை எடுத்து நீட்டுவார்கள். 42 அறிவியல் கட்டுரைகளை வல்லுநர்களிடம் கொடுத்துப் பார்த்ததில் விக்கிப்பீடியாவில் 162 பிழைகள், பிரிட்டானிக்கா என்ற ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தில் 123. கடுமையான பிழைகள் இரண்டிலும் நான்கு நான்கு. பிரிட்டானிக்கா மறுத்து எழுதியது, நேச்சர் பின்வாங்கவில்லை. முக்கியமான ஆய்வுதான். ஆனால் அது ஆங்கிலம், அதுவும் அறிவியல். ஓர் ஆங்கிலக் கட்டுரையைத் திருத்த நூறு பேர் கூடுகிற இடத்தில் கிடைத்த மதிப்பெண்ணைத் தமிழுக்கு மாற்றி எழுதிக்கொள்ள முடியாது. அந்த பிரிட்டானிக்காவே 1768இல் தொடங்கிய அச்சுப் பதிப்பை 2012இல் நிறுத்துவதாக அறிவித்தது. கடைசிப் பதிப்பு 2010இன் 32 தொகுதிகள். புதுச் செய்திக்கு இனி அச்சுக் களஞ்சியத்தை எதிர்பார்க்க முடியாது என்ற நிலை அங்கேயே வந்துவிட்டது.

ஒரு தேதியை வைத்து இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டுகிறேன். பாரதியார் மறைந்தது எப்போது? பெரும்பாலான புத்தகங்கள் 1921 செப்டம்பர் 11 என்று அச்சிட்டிருக்கும். அவர் உயிர் பிரிந்தது நள்ளிரவு கடந்து, ஏறத்தாழ ஒன்றரை மணிக்கு. மாநகராட்சிப் பதிவில் 12 என்றே இருக்கிறது. இரவு இன்னும் விடியவில்லை என்பதால் வழக்கில் 11 ஆகிவிட்டது. அச்சு நூல் ஏதாவது ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும், தேர்ந்தெடுத்ததும் மற்றது மறைந்துவிடும். இணையத்தில் இரண்டையும் வைத்து, ஏன் இரண்டு என்று ஒரு வரி எழுதி, அடிக்குறிப்பும் போடலாம். ஆட்சேபம் இருந்தால், விக்கியில் ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள உரையாடல் பக்கத்தில் வாதிடலாம். கோயில் யானை தள்ளியதால்தான் பாரதி இறந்தார் என்ற கதையும் இப்படித்தான். அதிலிருந்து தேறி, ஈரோடு கருங்கல்பாளையம் போய்ப் பேசிவிட்டு வந்த பிறகு, வயிற்றுக்கடுப்பில் இறந்தார். இந்த வரிசையைத் தெளிவாகச் சொல்லும் இடம் எதுவோ அதைத்தான் நம்பகமானது என்பேன், காகிதமா திரையா என்பது அப்புறம்.

என் வேலையில் என்னை உண்மையாகவே கவலைப்படுத்துவது இன்னொன்று. புத்தகம் என்று வருவதே இணையத்திலிருந்து வருகிறது. பொது அறிவு நூல் ஒன்றின் கைப்பிரதியில் ஒவ்வொரு துணைத்தலைப்புக்குப் பக்கத்திலும் '[தொகு]' என்று இருந்தது. விக்கிப்பீடியாவில் கட்டுரையைத் திருத்தத் தட்டும் பொத்தான் அது. வரிகளின் முடிவில் [3], [4] என்று எண்கள். ஆனால் அடிக்குறிப்பு ஒன்றுகூட இல்லை. தட்டச்சு செய்யும் தம்பியிடம் கேட்டேன்.

"அக்கா, அத எடுத்துரவா? நெட்ல அப்படித்தான்க்கா இருக்கு."

"எடுக்காதே தம்பி. அந்த நம்பருக்கு உரிய சான்று எங்கேன்னு முதல்ல ஆசிரியர்கிட்ட கேட்கணும்."

கேட்டோம், பதில் வரவில்லை. '[தொகு]' மட்டும் நீங்கிப் புத்தகம் வந்துவிட்டது. நாளைக்கு யாராவது அந்தப் புத்தகத்தையே விக்கிக் கட்டுரைக்குச் சான்றாகக் கொடுப்பார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் நிழல் தரையில் விழாது என்ற பொய் இப்படித்தான் சாகாமல் இருக்கிறது. வழிகாட்டி சொல்ல, புத்தகம் எழுத, இணையம் எடுக்க, மறுபடி புத்தகம். மாலை வெயிலில் கோயில் வளாகத்தில் நின்று பார்த்தால் நிழல் நீளமாகக் கிடக்கிறது.

ஆகவே விக்கியைப் படிக்கும்போது கட்டுரைக்கு முன், யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்று காட்டும் அதன் வரலாற்றுப் பக்கத்தைத் திறக்கிறேன். பலர், பல காலம் கைவைத்த கட்டுரையா? அல்லது ஒருவர் ஒரே நாளில் ஏற்றிவிட்டுப் போக, பிறகு தானாக இயங்கும் நிரல்கள் மட்டும் அதன் பகுப்பை (எந்த வகைக் கட்டுரை என்ற குறியை) மாற்றிய கட்டுரையா? இரண்டாவது வகை என்றால் அடிக்குறிப்பைத் திறந்து மூலத்தைப் பார்க்காமல் ஒரு சொல்லையும் எடுப்பதில்லை. ஆசிரியருக்குச் சுட்டிக்காட்டும்போது பக்கத்தின் நிலையான தொடுப்பைக் கொடுக்கிறேன்; நாளைக்குக் கட்டுரை மாறினாலும் நான் பார்த்த வடிவம் அப்படியே திறக்கும். இந்த வசதி இருப்பதே பலருக்குத் தெரியவில்லை.

வாங்குவதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அபிதான சிந்தாமணியின் மறுபதிப்பைக் காசு கொடுத்து வாங்குங்கள், ஏமாற்றம் இருக்காது. கலைக்களஞ்சியத்தின் பழைய தொகுதிகளுக்குக் கடைக்காரர் அதிக விலை சொன்னால் யோசியுங்கள். பத்துத் தொகுதிகளும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் தூரன் குழுவே பின்னர் கொண்டுவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் அதே தளத்தில் தேடிப் பாருங்கள். அதுவும் பத்துத் தொகுதிகள், 1968இலிருந்து 1976 வரை வந்தவை. பக்கத்தில் உட்கார்ந்து, மாறிப்போன செய்திகளை மட்டும் நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும்.