ஒயின் திராட்சைக்கு அழுத்தக் கலன்: பல பருவங்கள் பழகிய பின்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒயினுக்காகத் திராட்சை வளர்ப்பவர் ஒரே ஒரு அளவுகருவிதான் வாங்க முடியும் என்றால், இலையை வைத்துக் கொடியின் தாகத்தை அளக்கும் அழுத்தக் கலனையே வாங்கலாம். எவ்வளவு தண்ணீர் விடுவது என்று அது சொல்லும் என நம்பி வாங்கினால் மட்டும் ஏமாற்றம்தான். எப்போது விடுவது என்பதைத்தான் அது சொல்லும். குறிப்பாக, பருவத்தின் முதல் பாசனத்தை எதுவரை தள்ளிப்போடலாம் என்பதை. எனக்கு அந்த ஒரு விடையே போதுமானதாக இருந்தது.

சாப்பிடும் திராட்சைக்கு இந்தத் தலைவலி கிடையாது. பழம் பெருத்தால் மகிழ்ச்சி. சிவப்பு ஒயினுக்கான பழமோ சிறுத்திருக்க வேண்டும். நிறமும் துவர்ப்பும் பெரும்பாலும் தோலிலும் விதையிலும்தான் இருக்கின்றன. காய் பிடித்ததற்கும் பழம் நிறம் மாறுவதற்கும் இடையில் கொடியை மிதமான தாகத்தில் வைத்தால் பழம் சிறுக்கும். பிறகு தண்ணீர் விட்டாலும் இழந்த அளவை அது முழுதாக எட்டிப்பிடிக்காது. அதே தாகம் பூக்கும் காலத்தில் வந்தால் கதையே வேறு. காய் பிடிப்பு குறையும். அடுத்த ஆண்டுக்கான பூங்கொத்துகளும் ஏறக்குறைய அப்போதுதான் மொட்டுக்குள் உருவாகத் தொடங்குகின்றன என்பதால், மறு ஆண்டு விளைச்சலும் சேர்ந்து அடிவாங்கும்.

கருவியின் தத்துவம் எளிது. இலை நீரை ஆவியாக வெளிவிடும்போது (நீராவிப்போக்கு), வேரிலிருந்து நீரை ஏற்றும் சைலம் குழாய்களில் உள்ள நீர் இழுவிசையில் இருக்கிறது. இலையை வெட்டியதும் அந்த நீர் வெட்டுமுகத்திலிருந்து உள்வாங்கிக்கொள்கிறது. இலையைக் கலனுக்குள் வைத்து, காம்பின் நுனி மட்டும் ரப்பர் அடைப்பு வழியே வெளியே தெரியும்படி மூடி, நைட்ரஜன் வாயுவால் மெல்ல அழுத்தம் ஏற்றினால், ஒரு கட்டத்தில் காம்பு ஈரமாக மினுங்கும். அந்த அழுத்தமே, எதிர்க்குறியுடன், இலையின் நீரியல் திறன், அதாவது தாகத்தின் அளவு. 1965இல் ஷோலாண்டர் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் இந்த முறையைப் பரவலாக அறியச் செய்தார்கள்.

நண்பகல் இலை அளவீட்டில் நான் பின்பற்றும் வரம்புகள் பொதுவாகப் புழங்குபவைதான். மைனஸ் 10 பாருக்கு (பார் என்பது அழுத்த அலகு) மேல், அதாவது பூஜ்யத்தின் பக்கம் இருந்தால் கொடிக்குக் குறையில்லை. இனி மைனஸ் குறியை விட்டுச் சொன்னால், 10 முதல் 12 வரை இலேசான தாகம், 12 முதல் 14 வரை மிதமானது, 16ஐத் தாண்டினால் கடுமை. வெள்ளை ஒயின் வகைகளுக்கு 10ஐ ஒட்டியே முதல் தண்ணீரைத் திறந்துவிடுகிறேன். சிவப்புக்கு 12ஐத் தாண்டும்வரை பொறுப்பேன். அந்தப் பொறுமை, கருவி இல்லாத காலத்தில் என்னிடம் இருந்ததில்லை. கையில் எண் இருக்கும்போதுதான், பக்கத்துத் தோட்டத்தில் சொட்டுநீர் ஓடுவதைப் பார்த்தும் வால்வைத் தொடாமல் இருக்க முடிகிறது.

இனி குறைகள். அளக்க வேண்டிய நேரம் உச்சிவெயில். நன்கு வெயில் படும் முதிர்ந்த இலையைத் தேர்ந்து, பிளாஸ்டிக் பையால் மூடி, காம்பை ஒரே வெட்டில் அறுத்து, சில நொடிகளுக்குள் கலனில் வைக்க வேண்டும். தாமதித்தால் இலை நீரை இழந்து எண் பொய்யாகிவிடும். குமிழி வருவதைச் சாறு என்று ஒருவர் எண்ணுவார்; இன்னொருவர் காம்பு முழுதும் நனையும்வரை காத்திருப்பார். ஆகவே ஒரு பருவம் முழுதும் ஒரே ஆள் அளப்பதே உத்தமம். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் காம்பின் மேல் குனிந்து பார்ப்பவர்களை அருகிலேயே விடாதீர்கள்.

எண்ணும் வானிலைக்கு ஏற்ப ஆடும். மண் ஈரம் மாறாதபோதும், வறண்ட காற்று வீசும் நாளில் எண் தாகத்தைக் கூட்டிக் காட்டும், மேகமூட்டத்தில் குறைத்துக் காட்டும். இந்த ஆட்டத்தைக் குறைக்கத் தண்டின் நீரியல் திறனுக்கு மாறினேன். நிழலில் உள்ள இலையை வெள்ளித்தாள் பையால் ஒரு மணி நேரத்துக்கு மேல் மூடி வைத்தால், நீராவிப்போக்கு நின்று, இலை தண்டோடு சமநிலைக்கு வந்துவிடும். எண்கள் ஒன்றோடொன்று நெருங்கி வருகின்றன. இலை அளவீட்டைவிடச் சில பார் குறைவான தாகத்தைக் காட்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. இரண்டின் வரம்புகளையும் கலந்தால் குழப்பம்தான். விடியலுக்கு முன் அளப்பதையும் சிலர் பரிந்துரைப்பார்கள். சொட்டுநீர்த் தோட்டத்தில் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வேர்ப்பகுதியில் ஒரு மூலை நனைந்திருந்தாலே இரவில் கொடி அந்த ஈரத்தோடு சமன்செய்துகொள்கிறது. மீதி மண் காய்ந்து கிடப்பது தெரியாமல் போகிறது.

திராட்சை வகையும் முக்கியம். சிரா மண் காயக் காயத் தன் எண்ணை ஒளிக்காமல் காட்டும். கிரெனாஷ் இலைத்துளைகளைச் சீக்கிரமே மூடிக்கொண்டுவிடும். எண் ஓரிடத்தில் நின்றுவிடும், இலையோ தொட்டால் சுடும். அந்த வகையில் எண்ணைவிடக் கொழுந்தைத்தான் நம்புகிறேன். பற்றுக்கம்பிகள் நுனியைத் தாண்டி நீண்டு நின்றால் கொடி வளர்கிறது. அவை துவண்டு, நுனி குட்டையாகி, பின்னர் காய்ந்து உதிர்ந்தால் தாகம் வந்துவிட்டது. சொல்லப்போனால், செலவில்லாத இந்தக் கவனிப்பு எல்லா வகைகளிலும் கருவிக்கு முந்திக்கொள்கிறது. கொழுந்தின் வளர்ச்சி நின்ற பிறகுதான் நான் கலனையே வெளியே எடுக்கிறேன். அதற்கு முன் அளப்பது வாயுவுக்கும் முதுகுக்கும் வீண்.

மண் ஈர உணரிகளை எறிந்துவிடவில்லை. தண்ணீர் எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதை அவைதான் சொல்கின்றன. எவ்வளவு விடுவது என்பதற்கு ஆவியாதல் கணக்கு. விட்ட பிறகு ஓரிரு நாள் கழித்து மீண்டும் கலன், கொடி தேறியதா என்று பார்க்க. தண்டில் பொருத்தும் உணரிகளும் வந்துவிட்டன. ஓயாமல் அளக்கின்றன, ஆனால் பொருத்திய கொடியைத் தவிர வேறொன்றும் அவற்றுக்குத் தெரியாது. கலனைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடக்கலாம்.

நிறம் மாறிய பின் பிடியைத் தளர்த்திவிடுகிறேன். அப்போதும் 14ஐத் தாண்டி இழுத்துப்பிடித்தால் அடியிலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன, வெயில் நேரே குலையில் விழுகிறது, பழம் சுருங்குகிறது. சர்க்கரை அளவு ஏறியதாகத் தோன்றும். உண்மையில் நீர் வற்றியதுதான்.

ஆழமான மண்ணும் கோடை மழையும் உள்ள இடத்தில் இந்தக் கருவி வேண்டாம். கொடி அங்கே 10ஐத் தொடவே மாட்டாது. கை பம்ப் வகை சுமக்க எளிது, பெரும்பாலும் 20 பார் வரை போகும். திராட்சைக்கு அது தாராளம். ரப்பர் அடைப்பைப் பருவம் தொடங்கும் முன் மாற்றிவிடுங்கள். கசிவு வந்தால் பாதி வாயு காம்பைச் சுற்றியே போய்விடும்.