குதிரை ஜம்பிங் பயிற்சி என்று 48,000 ரூபாய் வாங்கி ஏமாற்றிவிட்டார்கள். கோடை கேம்ப்பில் சேர்க்கும் பெற்றோர் படியுங்கள்

சென்னை ஈசிஆர் பக்கம் இருக்கும் ஒரு குதிரைப் பயிற்சிப் பள்ளியில், குதிரை மேல் இருந்தபடி தடை தாண்டக் கற்றுத்தரும் ஜம்பிங் கேம்ப்பில் மகளைச் சேர்த்தோம். 48,000 ரூபாய் போய்விட்டது. பள்ளியின் பெயரை இங்கே போடவில்லை, ஏற்கெனவே வக்கீல் நோட்டீஸ் அனுப்புவோம் என்று மிரட்டியிருக்கிறார்கள். ஆனால் அதே ஆட்கள் ஜூன் பேட்ச்சுக்கு இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போட்டிருப்பதை இன்று காலை பார்த்தேன். அதில் என் மகள் படமே இருக்கிறது. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

மகளுக்கு 12 வயது. குதிரை என்றால் உயிர். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூர்க் குதிரையேற்ற வீரர் ஃபவாத் மிர்ஸா இறுதிச் சுற்று வரை போய்த் தாண்டிய வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பாள். வேறொரு இடத்தில் வாரக் கடைசிகளில் கற்றுக்கொண்டு வாக் (நடை), ட்ராட் (மெதுவான ஓட்டம்) தாண்டி கேன்டர் (அதைவிட வேகமான தாவல் ஓட்டம்) வரை வந்துவிட்டாள். அங்கே ஜம்பிங் கிடையாது. அப்போதுதான் இந்த விளம்பரம் வந்தது: பத்து நாள் இன்டென்சிவ் ஜம்பிங், காலை மாலை இரண்டு வேளை, பயிற்சி பெற்ற போனிகள் (மட்டக்குதிரைகள்), கடைசி நாளில் 80 சென்டிமீட்டர் தாண்ட வைப்போம்.

நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டினோம். வெள்ளையாக, அழகான ஒரு பெண் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினார் கோச். மகள் கையில் ஒரு கேரட்டைக் கொடுத்து ஊட்டச் சொன்னார். பிறகு அவளைச் சேணத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, கையை நீட்டச் சொல்லி, விரல் நுனியிலிருந்து அக்குள் வரை அங்கவடி (கால் வைக்கும் வளையம்) வாரை அளந்து சரிசெய்தார். தொழில் தெரிந்தவர்கள் அப்படித்தான் அளப்பார்கள், பழைய இடத்திலும் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்ததும் மனசு நிம்மதியாகிவிட்டது. “அக்கா, இது ரேஸ்ல ஓடிட்டு வந்த குதிரை இல்ல. ஜம்பிங்குக்குன்னே பழக்கினது. பாப்பாவுக்கு இதுதான், வேற யாரும் ஏற மாட்டாங்க. முழுப் பணமும் இன்னிக்கே போட்டுட்டீங்கன்னா பாப்பா பேர்ல எழுதிடறேன்” என்றார். மகள் அந்தக் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாள். சீட்டு எடுத்து வைத்திருந்த பணம். அங்கேயே நின்று 48,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு, “கடைசி நாள் சர்டிஃபிகேட்டோட சேர்த்துத் தரேன்க்கா” என்றார்.

கேம்ப் தொடங்கிய நாளில் வெள்ளைக் குதிரை இல்லை. கால் வீக்கம், ரெஸ்ட்டில் இருக்கிறதாம். அதற்குப் பதில் ஒரு பழுப்பு நிற மட்டக்குதிரையைக் கொண்டுவந்தார்கள். பிடரி மயிரில் ஜிகினா ஒட்டியிருந்தது. குதிரை பார்த்துக்கொள்ளும் பையனிடம் கேட்டேன். “நேத்து ராத்திரி மாப்பிள்ளை அழைப்புக்குப் போயிட்டு ரெண்டு மணிக்குத்தான்மா வந்துச்சு” என்றான் பாவம். ஜம்பிங் போனி என்றார்களே, அது இதுதான். இரவில் கல்யாண ஊர்வலம், விடிந்ததும் பீச்சில் சவாரி, அது முடிந்த பிறகு எங்கள் பிள்ளைகள். அதனால்தான் ஆறு மணி வகுப்பு பத்து மணிக்குப் போனது. கத்திரி வெயிலில், நிழலே இல்லாத மணல் திடலில். பத்துப் பிள்ளைகளுக்கு மூன்று மட்டக்குதிரை. ஆளுக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம், மீதி நேரம் ஷெட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அந்த மட்டக்குதிரை ட்ராட் போகும்போது ஒவ்வொரு அடிக்கும் தலை மேலே எழும்பி எழும்பி இறங்கியது. முன்னங்காலில் வலி இருக்கிற குதிரை, அந்தக் கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும். இது எனக்கே தெரியும், கோச்சுக்குத் தெரியாதா? சேணத்தை இறக்கியபோது வயிற்றுப் பட்டை கட்டும் இடத்தில் தோல் உரிந்து சிவந்திருந்தது. மகள் அதைப் பார்த்துவிட்டு அழுதாள், இனி இதன் மேல் ஏற மாட்டேன் என்றாள். “பாப்பா பயந்துட்டா, போகப் போக சரியாயிடும்” என்று சிரித்தார் அந்த ஆள். அவள் பயப்படவில்லை. அந்த ஜீவனுக்கு வலிக்கிறது என்றுதான் சொன்னாள்.

தடைகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஜம்பிங்கில் கழி தட்டினால் கீழே விழ வேண்டும். அதற்காகத்தான் கழியைப் பிடிக்கும் கப்பை ஆழமில்லாமல் வைப்பார்கள். முன்னும் பின்னுமாகக் கழி வைத்த அகலத் தடையில் பின்பக்கக் கழிக்கு, குதிரை மேலிருந்து மோதினாலும் கழன்று விழும் பாதுகாப்பு கப் தனியாகவே உண்டு. இங்கே இருந்தது இரண்டு பெயின்ட் டிரம், மேலே கயிறு போட்டுக் கட்டிய சவுக்குக் கழி. கால் மாட்டினால் கழி விழாது, குதிரைதான் பிள்ளையோடு விழும். ஹெல்மெட் என்று கொடுத்தது சைக்கிள் ஹெல்மெட்.

முறையாக என்றால் முதலில் தரையில் கழிகளைப் போட்டு ட்ராட்டில் தாண்டப் பழக்குவார்கள். குதிரையின் அடிக்குத் தகுந்தபடி இடைவெளியை அளந்து வைக்க வேண்டும். பெரிய குதிரைக்குக் கிட்டத்தட்ட நாலரை அடி, மட்டக்குதிரைக்கு அதைவிடக் குறைவு. உடம்பை முன்னால் சாய்த்து, சேணத்திலிருந்து லேசாக எழும்பி நிற்கும் நிலை பழகிய பிறகுதான் தாழ்வான எக்ஸ் வடிவத் தடைக்கே வருவார்கள். கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கி குதிரையின் வாயை இழுக்கக் கூடாது என்பதற்காகக் கழுத்தில் ஒரு பட்டை கட்டிப் பிடிக்கச் சொல்வார்கள். இவர்கள் கழிகளைக் கண்போன போக்கில் போட்டார்கள், மட்டக்குதிரை தடுக்கிக்கொண்டே போனது. அடுத்த நாளே பின்னால் ஒருவர் சாட்டையோடு நிற்க, “குதி, குதி” என்று விரட்டினார்கள். வேறொரு பையன் விழுந்து மணிக்கட்டு வீங்கியது. முதலுதவிப் பெட்டிகூட இல்லை, பக்கத்துக் கடையில் ஐஸ் வாங்கி வைத்தோம்.

அன்றோடு மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். 48,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டேன். “ஓனர் ஊட்டில இருக்கார்க்கா, வந்ததும் சொல்றேன்.” அப்புறம், “அக்கவுண்ட்ஸ்ல சொல்லியாச்சு, திங்கக்கிழமை வந்துடும்.” திங்கள் வந்தது, பணம் வரவில்லை. “மேடம், நீங்களா பாதில நிறுத்தினீங்க, ரீஃபண்ட் கிடையாது. வேணும்னா அடுத்த பேட்ச்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்.” அதே நொண்டிக் குதிரையிலா? கடைசியாக ஓனர் என்று ஒருவர் பேசினார். “நீங்க பணம் போட்டது பழைய மேனேஜர் நம்பர். அவர்கிட்டயே வாங்கிக்குங்க.” போட்டோ போடுவேன் என்றதும் வக்கீல் நோட்டீஸ் பேச்சு. இப்போது வாட்ஸ்அப்பில் பிளாக். வெள்ளைக் குதிரையைப் பற்றி விசாரித்தேன். அது அவர்களுடையதே இல்லை, வேறு ஒருவர் மாதக் கட்டணம் கொடுத்து அந்த லாயத்தில் விட்டிருக்கும் சொந்தக் குதிரையாம்! அதைக் காட்டித்தான் என்னிடம் 48,000 வாங்கியிருக்கிறார்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் இல்லை.

எதைப் பார்த்துச் சேர்ப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாக இவ்வளவுதான்: பள்ளியின் பெயரில் இருக்கும் கணக்கில், பில் வாங்கிக்கொண்டு மட்டும் பணம் போடுங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு காலை வகுப்பு நடக்கும்போது போய் நில்லுங்கள், எந்தக் குதிரை எந்தப் பிள்ளைக்கு என்று பாருங்கள். சேணத்தை இறக்கச் சொல்லி முதுகையும் வயிற்றுப் பட்டை இடத்தையும் பாருங்கள். கழி கயிற்றால் கட்டியிருந்தால் பிள்ளையை ஏற்றவே வேண்டாம்.

ஈசிஆர் பக்கம் ஜூன் பேட்ச்சில் சேர்க்கப் போகிறவர்கள் பணம் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்கள், பெயரைத் தனியாகச் சொல்கிறேன். அந்தக் கேம்ப்பில் மணிக்கட்டு வீங்கிய பையனின் அம்மா இதைப் படித்தால் நீங்களும் கூப்பிடுங்கள். புகாரைச் சேர்ந்தே கொடுக்கலாம்.