பாலக்காட்டில் ஒரு எமர்ஜென்சி: ஈசிஜிக்கு 80 நிமிடம்

இந்த மருத்துவமனைக்கு ஐந்துக்கு இரண்டு ஸ்டார்தான் போடுவதாக இருந்தேன். ஈசிஜி எடுத்த பிறகு அங்கே எல்லோரும் ஓடிய ஓட்டத்தை நினைத்து அரை சேர்த்திருக்கிறேன். மருத்துவமனை பெயர் வேண்டாம், பாலக்காடு பக்கம் பெரிய தனியார் மருத்துவமனை, அவ்வளவு போதும்.

எங்களுக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. அம்மாவுக்கு 2019லிருந்து டயாலிசிஸ், திங்கள், புதன், வெள்ளி. ஃபைல், டாக்டர் எல்லாம் கோயம்புத்தூரில். அங்கே பார்ப்பது முழுக்கக் கைக்காசு, ஏனென்றால் கேரளா ரேஷன் கார்டு வைத்துக்கொண்டு தமிழ்நாட்டு முதல்வர் காப்பீட்டு அட்டை வாங்க முடியாது, அது தனிப் புலம்பல். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் இரண்டு நாள் இடைவெளி வரும், கிட்னி டாக்டர்கள் பயப்படுவது அந்த இடைவெளிக்குத்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தார். எங்கள் பக்கம் யார் வீட்டுக்குப் போனாலும் தண்ணீருக்கு முன்னால் இளநீர் வரும், மறுத்தால் கோபித்துக்கொள்வார்கள். இளநீர் முழுக்கப் பொட்டாசியம், கிட்னி வேலை செய்யாதவர்களுக்கு அது விஷம். ராத்திரி எட்டு மணிக்குக் கால் துவண்டு, எழுந்து நிற்க முடியவில்லை என்றார். கோயம்புத்தூர் வரை போகிற தைரியம் வரவில்லை, பாலக்காட்டுக்கு வண்டியை விட்டேன்.

9.10க்கு உள்ளே போனோம். வாசலில் செக்யூரிட்டி முதலில் கேட்டது "ஓபி சீட்டு எடுத்தோ?" சரி, எடுத்தோம். சிஸ்டர் பிரஷர் பட்டையை எடுத்து நேராக இடது கையில் சுற்றப் போனார், டயாலிசிஸ் ஊசி போட ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த (ஃபிஸ்டுலா) கை அது, அதில் பிரஷர் பார்க்கக் கூடாது, நான் கத்தாத குறை. வலது கையில் பார்த்தார். பிரஷர் பரவாயில்லை, ஆக்ஸிஜன் 97, காய்ச்சல் இல்லை, பல்ஸ் 54. "எல்லாம் நார்மலா அம்மே, இரிக்கூ" என்று பச்சைப் பட்டை, அதாவது காத்திருக்கலாம் என்கிற பட்டை, கட்டிவிட்டார். அம்மாவுக்கு எந்நேரமும் பல்ஸ் 80க்கு மேலே ஓடும், 54 என்பது அவருக்கு நார்மல் இல்லை. இதைச் சொன்னேன். "நாளே டயாலிசிஸ் உண்டல்லோ?" என்று பதில் வந்தது. எனக்கு எரிச்சல் வந்த இடம் இதுதான். நாளைக்கு டயாலிசிஸ் இருப்பதால் இன்றைக்குக் காத்திருக்கலாம் என்கிறார்கள், நேற்றும் இன்றும் டயாலிசிஸ் இல்லை என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பதில் எனக்குச் சண்டை இல்லை. எங்களுக்குப் பின்னால் பைக்கில் விழுந்த பையன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், அவனை முதலில் பார்க்கத்தான் வேண்டும். அம்மாவே "வுடு கண்ணு, அந்தப் பையன் நெலமையப் பாரு, நமக்கென்ன அவசரம்" என்றார். ஆறு வருடம் ஊசியோடு இருக்கிறவர்கள் முனகுவதில்லை, அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள், அப்படி உட்கார்ந்தால் பச்சைதான் கிடைக்கும். பத்து மணி வாக்கில் ஒருவர் நடந்தே வந்து "நெஞ்சு வலிக்குது" என்றார். சொன்ன ஐந்தாவது நிமிடம் அவருக்கு ஈசிஜி ஓடிவிட்டது. அவருக்கு எடுத்தது சரிதான், நெஞ்சுவலி என்று வந்தால் பத்து நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அந்த மெஷின் எங்கள் நாற்காலியிலிருந்து நாலடி தூரத்தில் திரைக்குப் பின்னால் சும்மா நின்றுகொண்டிருந்தது.

10.30க்கு டூட்டி டாக்டர் வந்தார், சின்னப் பெண், வந்ததும் அம்மாவின் பல்ஸைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஈசிஜி கேட்டார். காகிதம் வெளியே வரும்போதே அவர் முகம் மாறிவிட்டது. அலைகள் கூடாரம் அடித்த மாதிரி கூர்கூராக நின்றன, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தைத் தொட்டுவிட்டதன் அடையாளம் அது. அப்புறம் நடந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை: இதயத்தைக் காப்பாற்றக் கால்சியம் ஊசி, பொட்டாசியத்தை ரத்தத்திலிருந்து செல்லுக்குள் தள்ள இன்சுலினும் குளுக்கோஸும், கூடவே நெபுலைசர். இதெல்லாம் சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும், உடம்பிலிருந்து வெளியேற்ற டயாலிசிஸ்தான் வழி என்று அந்த டாக்டர் நிறுத்தி நிதானமாக, பாதி தமிழில் விளக்கினார். டெக்னீஷியனை வீட்டிலிருந்து கூப்பிட்டு 12.15க்கு மெஷினில் போட்டார்கள். ரிசல்ட் வந்தபோது பொட்டாசியம் 7.2. ஐந்தைத் தாண்டக் கூடாதது.

மூன்று மாதம் கழித்து மறுபடி அதே இடம், அதே ஞாயிறு ராத்திரி. (இளநீர் இல்லை, இந்தமுறை நேந்திரம்பழம். அம்மாவை என்ன செய்ய?) இந்தத் தடவை வாசலிலேயே, உட்காருவதற்கு முன்பே சொன்னேன்: "டயாலிசிஸ் பேஷண்ட், வெள்ளிக்கிழமைதான் கடைசியாகப் பண்ணியது, பொட்டாசியம் ஏறியிருக்கலாம், முதலில் ஈசிஜி எடுங்க." எட்டு நிமிடம். அதே சிஸ்டர், அதே மெஷின். போன தடவை அம்மாவுக்கு நோய் குறைவாக இருந்ததா என்ன? எனக்கு அந்த வார்த்தை தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

மற்றபடி: பார்க்கிங் தாராளம், கழிப்பறை சுத்தம், தமிழில் பேசினால் புரிந்துகொள்வார்கள். நோயின் கதையை மூன்று பேரிடம் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது, கோயம்புத்தூர் ஃபைலைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது கடைசி டயாலிசிஸ் தேதி, வழக்கமான பல்ஸ், எந்தக் கையில் ஊசி கூடாது என்பதை ஒரே தாளில் மலையாளத்தில் எழுதி அம்மாவின் சுருக்குப் பையில் வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு டீச்சர் எழுதிக் கொடுத்தது. கடைசி வரியை மட்டும் நான் சொல்லிச் சேர்த்தேன்: "இவர் எதையும் பெரிதாகச் சொல்ல மாட்டார்." அம்மாவிடம் படித்துக் காட்டினோம். "அதென்ன, என்னயப் பத்தி ஊருக்கெல்லாம் எழுதி வெக்கறே" என்று இரண்டு நாள் பேசவில்லை.