பென்சில் பல்லா, கரண்டிப் பல்லா?
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியின் அறிவியல் மூலைக்கு நெடுங்கழுத்து டைனோசரின் பல்லைக் களிமண்ணில் செய்யும் பேச்சு எழுந்தபோது, பென்சில்போல் மெல்லிய பல்லா, கரண்டிபோல் அகன்ற பல்லா என்பதில் ஆசிரியர்கள் இரு தரப்பாயினர்.

செய்முறை: பென்சில் பல்லை உருட்டினால் போதும், ஆனால் காயும்போதே ஒடிகிறது. கரண்டிப் பல்லுக்கு மண் கூடுதல். கீழே விழுந்தாலும் தாங்கும்.

சொல்லும் செய்தி: டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெட்டேசியஸில் வாழ்ந்த, பென்சில் பல்லுடைய நைஜர்சாரஸின் தாடையில், உள்ளே காத்திருந்த மாற்றுப் பற்களையும் சேர்த்து 500க்கு மேற்பட்ட மெல்லிய பற்கள் இருந்தன, நாளுக்கு ஒன்றாகப் பல்லுக்குள் படிந்த நுண்வரிகளை எண்ணியே, ஒரு பல் ஏறத்தாழ 14 நாளில் மாறியதென ஆய்வாளர்கள் கணித்தனர். தரையொட்டி மேய்ந்த வாயில் மண்ணும் சேர்ந்து பல்லைத் தேய்த்திருக்கலாம். (ரப்பர் பால்வெட்டுக் கத்தியைத் தீட்டித் தீட்டியே தேய்த்தவர்களுக்கு இது புதிதன்று.) கரண்டிப் பல்லுடைய காமராசாரஸுக்கோ சுமார் 62 நாள், ஆனால் அது கிரெட்டேசியஸுக்கு முந்திய ஜுராசிக் காலத்தது. கரண்டிப் பல்லுக்கும் கிரெட்டேசியஸ் கால விலங்குதான் வேண்டுமெனில், சீனாவின் யூஹெலோபஸைக் காட்டலாம்.

தொட்டுப் பார்க்கும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கரண்டிப் பல்லே ஏற்றது. வரிகளை எண்ணிக் கணக்கிடக்கூடிய ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு, ஒடிந்தாலும் பரவாயில்லை, பென்சில் பல்லையே தருவேன்.