உப்புக் காற்றைத் தாங்கும் கர்ட்டன் எது? கல்லடி வீட்டு அனுபவம்

யாராவது "யன்னலுக்குக் கர்ட்டன் போடப் போறம்" என்று சொன்னால் நான் முதலில் கேட்பது "கம்பி என்ன கம்பி?" என்றுதான். சிரிப்பார்கள். நாங்கள் இருப்பது மட்டக்களப்புக் கல்லடியில். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒரு துண்டு மணல் நிலம். 2018 இல் குடிபுகுந்தபோது மாட்டிய துணிகளில் பாதி இன்னும் நல்ல நிலையில் இருக்கின்றன. அப்போது பூட்டிய கம்பிகளில் ஒன்றுகூட மிச்சமில்லை.

கடையில் பளபளவென்று மின்னும் குரோம் கம்பிக்குள் இருப்பது மெல்லிய இரும்புக் குழாய். பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் போதும், உப்புக் காற்று உள்ளே போய்விடும். முதலில் திருகாணி இறுக்கிய இடத்தைச் சுற்றிப் பொருபொருவென்று எழும்பும். அப்புறம் கர்ட்டனை இழுக்கும்போது கரகரவென்று சத்தம் வரும். இன்னும் கொஞ்ச நாளில் சுவரோரம் கறள் தூளாகக் கொட்டிக் கிடக்கும். அதைவிடத் தொல்லை, துணியிலேயே பதித்து வரும் இரும்பு வளையங்கள். மாரிகாலத்தில் துணி ஈரத்தை வாங்கியதும் ஒவ்வொரு வளையத்தைச் சுற்றியும் மண்ணிறத்தில் ஒரு வட்டம் விழும். அதற்கு ஒருபோதும் குளோரின் பிளீச் போடாதீர்கள். கறள் கறையை அது இன்னும் ஆழமாகப் பிடிக்க வைக்கும். தேசிக்காய்ச் சாற்றில் உப்பைக் குழைத்துக் கறைமேல் தடவி, கொஞ்ச நேரம் வெயிலில் போட்டு அலசுங்கள். புளிப்பு கறளைக் கரைக்கும். வெள்ளைத் துணிக்கு இதைத் தாராளமாகச் செய்யலாம். நிறத் துணி என்றால் ஓரத்தில் சோதித்துப் பார்த்த பிறகுதான்.

இப்போது எங்கள் வீட்டில் முன்னறைக்கு ஓடாவியார் கடைந்து தந்த மரக் கம்பு, மற்ற அறைகளுக்கு அலுமினியக் குழாய், எல்லாவற்றுக்கும் பிளாஸ்ரிக் வளையம். திருகாணி மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதிலும் 304, 316 என்று இரண்டு வகை உண்டு. கடற்கரையோரம் 304 மேலிலேயே மண்ணிறப் படலம் படியும். மொலிப்டினம் கலந்த 316 விலை கூடினாலும் நின்று பிடிக்கும். காத்தான்குடியிலோ கல்முனையிலோ கடற்கரையை ஒட்டி இருப்பவர்களுக்கும் இதுதான் கதி. செங்கலடி, வாழைச்சேனை வீதியில் உள்ளுக்குத் தள்ளி இருப்பவர்கள் இவ்வளவு கவலைப்படத் தேவையில்லை.

கம்பிக்கு அடுத்தது திசை. எந்த அறைக்கும் ஒரே துணி, ஒரே நிறம் என்று எடுத்து வீடு முழுக்க மாட்டுவது பார்க்க அழகுதான். ஆனால் நான்கு பக்கத்திலும் வெயில் ஒரே மாதிரி விழுவதில்லை. மட்டக்களப்பில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் நடுப்பகுதிக்குச் சற்று முன்னரும் செப்ரெம்பர் தொடக்கத்திலும்தான். இடைப்பட்ட மாதங்களில் அது நமக்கு வடக்கே நிற்கும். "வடக்கு யன்னலுக்கு வெயில் படாது" என்று யாரோ எழுதிவைத்ததை நம்பி அந்தப் பக்கம் மெல்லிய வலைத்துணி போட்டவர்கள் வைகாசி, ஆனியில் காலையும் மாலையும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருப்பார்கள். தெற்கு யன்னலில் வெயில் சாய்ந்து விழுவது மார்கழியை ஒட்டித்தான். அப்போது இங்கே பாதி நாள் மூடமும் மழையும். அதனால் தெற்குப் பக்கத்துக்குக் கனத்த துணி வாங்குவது வீண் செலவு.

மேற்கு அறைதான் எங்களைப் படாத பாடு படுத்தியது. கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கும் காலத்தில், பிற்பகல் இரண்டு மணிக்கு மேல், வாவிப் பக்கத்திலிருந்து காற்றும் வெக்கையாகத்தான் வரும். என் கணவரின் அண்ணா கொழும்பிலிருந்து அனுப்பிய பிளாக்அவுட் துணி ஒரு சோடி அங்கே தொங்கியது. அறை இருட்டானது, உண்மை. ஆனால் துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தால் அடுப்படியில் நிற்கிற சூடு. கண்ணாடியைத் தாண்டிய வெயில் துணியில் பட்டு வெப்பமாகிவிட்டால் அது அறைக்குள்தான் சுற்றும். துணியின் மேல் விளிம்பு வழியாக மெதுவாக உள்ளே வந்துகொண்டே இருக்கும். யன்னலைத் திறந்தாலோ அந்தக் கனத்த துணி காற்றை உள்ளே விடாது. ஏசி போட்ட அறைக்குச் சரி. மின்விசிறியை நம்பி இருக்கும் அறைக்கு அது ஒத்துவராது. இன்னொன்று, அந்தத் துணியின் பின்பக்கப் பூச்சு எங்கள் சூட்டுக்கும் ஈரத்துக்கும் நாளடைவில் பிசுபிசுத்து, மடிப்புக்கு மடிப்பு ஒட்டிக்கொண்டது. பிரித்தால் தோல் உரிவதுபோல் உரிந்து வந்தது.

வெயிலை யன்னலுக்கு வெளியிலேயே மறிக்க வேண்டும் என்பதுதான் இத்தனை வருடத்தில் எனக்கு உறுதியான ஒரே விஷயம். பழைய வீடுகளில் தாழ்ந்த கூரையும் திண்ணையும் கிடுகுத் தட்டியும் செய்த வேலை அது. நாங்கள் நாற்றுமேடைகளுக்குப் போடும் பச்சை நிழல் வலையை வாங்கினோம். எந்த விவசாயப் பொருள் கடையிலும் 50 வீதம், 75 வீதம் என்று நிழலின் அளவு சொல்லி வெட்டித் தருவார்கள். எங்கள் யன்னல் கதவுகள் வெளிப்பக்கம் திறப்பவை. ஆகவே வலையைச் சுவரோடு ஒட்டிக் கட்ட முடியாது. கூரை விளிம்பிலிருந்து சாய்வாக இழுத்து, இரண்டு அடி தள்ளி நட்ட கம்பத்தில் நைலோன் கயிற்றால் கட்டினோம். சுவருக்கும் வலைக்கும் நடுவில் இடைவெளி இருப்பதால் சூடான காற்று மேலே போய்விடுகிறது, வாவிக் காற்றும் வலைக்குள்ளால் வருகிறது. ஓரத்தை இரண்டாக மடித்துத் தைக்காவிட்டால் ஒரே காற்றில் கிழியும். ஐப்பசி பிறந்ததும் கழற்றிச் சுருட்டி வைத்துவிடுவோம், வாடைக் காற்றுக்கு அது நிற்காது.

அழகா என்றால், இல்லை. பக்கத்து ஒழுங்கையில் இருந்து ஒருவர் வந்து "ஓர்க்கிட் கன்று இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார். வீட்டின் பின்பக்கம் என்பதால் பொறுத்துக்கொள்ளலாம். அறைக்குள்ளே மெல்லிய வெள்ளைத் துணி மட்டும் போட்டால் உள்ளிருந்து பார்க்கப் பச்சை தெரியாது.

காற்றை உள்ளே விடும் துணியின் அருமை தெரிந்தது 2022 இல். மார்ச் முடிவில் 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்த நாட்களில் மின்விசிறியும் இல்லை, ஒன்றுமில்லை. இரவு முழுக்க யன்னலைத் திறந்து வைத்தோம். அப்போது உதவியது பருத்தித் துணியும் யன்னலில் வெல்க்ரோ போட்டு ஒட்டிய நுளம்பு வலையும்தான். டெங்கு நுளம்பு பகலில் ஒதுங்குவது இருண்ட மூலைகளில், கர்ட்டன் மடிப்புகளும் அதில் அடக்கம். விடிந்ததும் துணியை ஒருதரம் உதறிவிடுவது நல்ல பழக்கம். மடிப்புகளில் வேறு ஆட்களும் குடியிருப்பார்கள். எங்கள் மேற்கு யன்னல் கர்ட்டனின் பின்னால் ஒரு குளவி மண் வீடு கட்டியது. தட்டிவிடப் போன என்னை மாமி விடவில்லை. குளவி வீடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்குமாம். அந்தக் கர்ட்டனைக் கழுவ முடியாமல் போனதுதான் மிச்சம்.

கடல் பக்கத்து யன்னலுக்கு மருதமுனைக் கைத்தறி. கல்முனை வீதியில் பெரியநீலாவணையைத் தாண்டினால் மருதமுனை. சாரமும் சேலையும் நெய்வதற்குப் பேர் போன ஊர். கோடு போட்ட பருத்தித் துணி அங்கே எடுத்தது. கைத்தறிக்குக் காற்று நன்றாகப் புகும், காலை வெயில் அதன் ஊடாக வரும்போது அறை முழுக்க இளம் மஞ்சளாக இருக்கும். குறையும் உண்டு. தைப்பதற்கு முன் ஊறப்போட்டுக் காயவைக்காவிட்டால் முதல் கழுவலிலேயே சுருங்கும். கடும் சிவப்பும் நீலமும் வெயில் படும் பக்கம் வெளிறிவிடும். எங்கள் துணியில் சிவப்புக் கோடுகள் இப்போது ரோஸ். வெயிலுக்கு நின்று பிடிப்பதில் பொலியெஸ்டர் பருத்தியைவிட மேல் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். பட்டுத் துணியை வெயில் படும் யன்னலுக்கு நினைத்தும் பார்க்க வேண்டாம், இழை உக்கிவிடும்.

கடற்காற்றுக்கு மெல்லிய துணி பறந்து கம்பிக் கிராதியில் சிக்கும். அதற்கு இங்கே சுலபமான வழி, மீன் வலைக்குப் போடும் சின்ன ஈயக் குண்டுகளைக் கீழ் மடிப்புக்குள் வைத்துத் தைப்பது. ஈயத்தில் கறள் பிடிக்காது. வாயில் எதையும் வைக்கும் வயதில் பிள்ளைகள் இருந்தால் வேண்டாம், ஈயம் நஞ்சு.

தையல் பற்றிச் சொல்லவேண்டும். பணத்தை மிச்சம் பிடிப்பதென்று துணியின் அகலத்தில் கை வைப்பவர்கள்தான் அதிகம். ஆரையம்பதியில் எங்களுக்குத் தைத்துத் தரும் அக்கா நான் கொண்டுபோன துணியை மேசையில் விரித்துப் பார்த்துவிட்டு, "என்னகா தங்கச்சி, துணி காணாதே. இது கர்ட்டனா, கொடியில காயப்போட்ட சாரமா?" என்றார். அவர் கணக்கு இதுதான். யன்னல் 4 அடி அகலம் என்றால் கம்பி இரண்டு பக்கமும் 6 அங்குலம் நீட்டி 5 அடி. அப்போதுதான் திறக்கும்போது துணி சுவர்ப் பக்கம் ஒதுங்கும், கண்ணாடி முழுக்க வெளிச்சத்துக்கு விடும். 54 அங்குலத் துணியில் இரண்டு அகலம் போட்டால் கம்பியின் நீளத்துக்கு 1.8 மடங்கு வரும், சுருக்கு அழகாக விழும். கம்பியைச் சட்டத்துக்கு மேலே 4 முதல் 6 அங்குலம் உயர்த்திப் பூட்டினால் அறையும் உயரமாகத் தெரியும். கீழே தரைக்கு ஓர் அங்குலம் விட வேண்டும். தரையில் புரளும் கர்ட்டன் படத்தில் அழகு, தினமும் ஈரத்துணியால் துடைக்கும் வீட்டில் அதன் ஓரம் கறுத்துவிடும். 7 அடி இறக்கத்துக்கு மடிப்பும் சுருக்கமும் சேர்த்து ஒரு துண்டுக்கு 8 அடி, இரண்டுக்கும் 5 மீற்றர். இந்தக் கணக்கைக் கடைக்குப் போகும் முன் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னறை யன்னல் வீதியைப் பார்த்தது. அங்கே ஆடம்பரத்துக்கு றோலர் பிளைன்ட்ஸ் போட்டோம், சின்னச் சின்னத் துளையுள்ள வகை. பகலில் வெளியே போகிறவர்களை நாம் பார்க்கலாம், அவர்களுக்கு நாம் தெரிய மாட்டோம். இரவில் லைட்டைப் போட்டதும் கதை மாறும், வெளிச்சம் உள்ள பக்கம்தான் மற்றப் பக்கத்துக்குத் தெரியும். வலைத்துணிக்கும் இதே விதி. ஆகவே அதன் மேல் ஒரு கனத்த துணி கட்டாயம். பிளைன்ட்ஸ் பார்க்க நவீனமாக இருக்கிறது, தூசி அதிகம் பிடிப்பதில்லை. யன்னலைத் திறந்தால் காற்றுக்கு டப் டப் என்று சட்டத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். மேல் பெட்டிக்குள் பல்லி முட்டை இடும், சுருட்டும்போது நொறுங்கும். காற்றோட்டத்தை நம்பி வாழும் வீட்டுக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அலுமினியத் தகடு அடுக்கிய வகையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஒவ்வொரு தகட்டையும் துடைக்கப் பொறுமை இருந்தால் வாங்குங்கள். எந்த வகையானாலும் தொங்கும் கயிறு சின்னப் பிள்ளைகளின் கழுத்தில் சுற்றி உயிராபத்தாகும். அமெரிக்காவில் கடையில் ஆயத்தமாக விற்கும் பிளைன்ட்ஸ்களில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் கயிறு இருக்கக் கூடாதென்று 2018 இல் தரவிதியே வந்துவிட்டது. இங்கே இன்னும் கயிறு உள்ளவைதான் பரவலாகக் கிடைக்கின்றன. வாங்கினால் சுவரில் உயரத்தில் கொக்கி வைத்துச் சுற்றிக் கட்டுங்கள், பிள்ளையின் கட்டிலை அந்த யன்னலுக்குக் கீழே போடாதீர்கள்.

குசினிக்குப் பாதி உயரத்துக்குச் சாரத் துணி, காஸ் அடுப்பிலிருந்து நன்றாகத் தள்ளி. குளியலறைக்குத் துணியே வேண்டாம், கண்ணாடியில் ஒட்டும் மங்கல் தாள் போதும்.

கழுவுவதற்குப் பொங்கல் சரிவராது. எல்லோரும் வீட்டைத் துப்புரவாக்கும் நேரம்தான், ஆனால் மாரி முற்றாக விட்டிருக்காது. கனத்த துணி மூன்று நாள் காயாமல் கிடந்து பூஞ்சணம் பிடித்துவிடும். நாங்கள் சித்திரை வருடப் பிறப்புக்கு ஒருதரமும் மழை தொடங்குமுன் புரட்டாதியில் ஒருதரமும் கழுவுகிறோம். கடல் பக்கத்துத் துணி மட்டும் இடையிலும் ஒரு அலசல் கேட்கும். உப்புப் படிந்த துணி பின்னேரத்தில் ஈரத்தை இழுத்துச் சதசதவென்று இருக்கும், அதை வெறும் தண்ணீரில் அலசினாலே போதும். பிழிந்த பிறகு கொடிக்குக் கொண்டுபோகாமல், லேசான ஈரத்தோடு கம்பியிலேயே மாட்டி யன்னலைத் திறந்து விடுகிறேன். துணியின் பாரத்துக்கே சுருக்கம் நிமிர்ந்துவிடுகிறது, அயன் பண்ணும் வேலை மிச்சம்.