கை நடுங்குற பெரியவங்களுக்கு சிப்பர் கப்பு, வாங்கலாமா?

பாட்டாவுக்கு பார்கின்சன்ஸ். மாத்திரை வேலை செய்யுற வரைக்கும் கை கொஞ்சம் அடங்கி இருக்கும், அது இறங்குற நேரத்துல சாயா டம்ளரக் கொடுத்தா பாதி சட்டையிலயும் பாதி வேட்டியிலயும்தான். அதுக்காக நாகர்கோவில் வடசேரி பக்கம் ஒரு சர்ஜிக்கல் கடையில இத வாங்குனேன், 340 ரூவா. கடைக்காரரு முதல்ல பொம்மை படம் போட்ட பிள்ளைங்க கப்ப எடுத்து நீட்டுனாரு, பெரியவருக்குன்னு சொன்ன பிறகுதான் உள்ளருந்து இது வந்துச்சு. கேட்டு வாங்கணும் மக்கா, வெளிய அடுக்கி வைக்க மாட்டாங்க.

ரெண்டு பக்கமும் பிடி, அடி கொஞ்சம் கனம், திருகு மூடி, மூடி ஓட்டையில வளையுற சிலிக்கான் ஸ்ட்ரா. ரெண்டு கையும் சேத்துப் பிடிக்கதால ஆட்டம் பாதியா குறையுது, கவுந்தாலும் நாலு சொட்டுதான் சிந்தும். முக்கியமானது ஸ்ட்ரா. இந்த நோய்ல கை மட்டும் இல்ல, விழுங்குறதும் மெதுவாயிரும், அண்ணாந்து குடிச்சா வெள்ளம் மூச்சுக்குழாய்க்குள்ள போயி புரை ஏறும், அது நிமோனியா வரைக்கும் கொண்டு விடும். அதனால மூக்கு வச்ச கப்பு வாங்காதீங்க, அதுல கடைசி வாய்க்கு தலைய தூக்கியே ஆவணும். சிலருக்கு ஸ்ட்ராவுலயும் புரை ஏறும், டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

குறைன்னா, கஞ்சி ஏறாது, ஒரு பருக்கை போதும் அடைக்க. மூடி இருக்கதால சூடு தெரியாது, சாயாவ நல்லா ஆற வச்சு ஊத்துங்க, இல்லன்னா நாக்கு பொள்ளிரும். ஸ்ட்ரா கழுவுற பிரஷ் பெட்டியில இல்ல, கொடுத்திருக்கலாம், பால் சாயா உள்ள ஒட்டி ஒரு புளிச்ச வாடை வந்துச்சு. மூடிய பாட்டாவால திறக்க முடியாது.

எங்க வீட்டுல அன்பியம் கூட்டம், அதாவது பக்கத்து வீட்டு சர்ச் குடும்பங்க கூடி ஜெபிக்கிறது, நடந்தப்ப ஒரு அக்கா இதப் பாத்துட்டு, "இதத்தானடே அந்த ஸ்டேன் சாமி ஃபாதர் ஜெயில்ல கேட்டாவ"ன்னாவ. ஆமா, இதேதான். திருச்சி பக்கம் விரகாலூர்ல பிறந்த சேசு சபை ஃபாதர். ஜார்க்கண்டுல ஆதிவாசிகளோட நிலம், காடுன்னு நின்னு, நக்சல்னு முத்திரை குத்தி விசாரணைக் கைதியாவே வருஷக்கணக்குல உள்ள கிடந்த ஆதிவாசி பையன்களுக்காக ஹைகோர்ட்டுல வழக்கு போட்டவரு. 2020 அக்டோபர் 8ஆம் தேதி பீமா கோரேகான் வழக்குல, அதாவது 2018ல மகாராஷ்டிராவுல நடந்த கலவரத்த ஒட்டிப் போட்ட வழக்குல, என்ஐஏங்கிற தேசிய புலனாய்வு அமைப்பு அவரையே ஊபாங்கிற சட்டவிரோத நடவடிக்கை தடுப்புச் சட்டத்துல பிடிச்சு மும்பை பக்கத்து தலோஜா ஜெயிலுக்கு கொண்டு போச்சு, வயசு 83, பார்கின்சன்ஸ். கைது பண்ணுன நேரத்துல எடுத்த ஸ்ட்ராவையும் சிப்பரையும் திருப்பித் தாங்கன்னு நவம்பர்ல கோர்ட்டுல மனு போட்டாரு. பதில் சொல்ல என்ஐஏ 20 நாள் டைம் கேட்டுச்சு. டைம் முடிஞ்சு 26ஆம் தேதி வந்து சொன்னது, நாங்க அத எடுக்கவே இல்ல. இதக் கேட்டு கடுப்பாகி சனங்க ஆன்லைன்லயே சிப்பர் ஆர்டர் போட்டு அனுப்ப ஆரம்பிச்சாங்க. பிறவு ஜெயில் பக்கம் நாங்க சிப்பர் கொடுத்துட்டோம்னு சொன்னாங்க, அது வேற கதை.

அப்பம் எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்லயே ஒரு சித்தப்பா, ஒரு ஸ்ட்ராவுக்கு இம்புட்டு சீனான்னு போட்டாரு. அவரு ஒரு சாயங்காலம் பாட்டா பக்கத்துல உக்காந்து பாக்கணும். வெள்ளம் கீழ சிந்தும்னு வெக்கப்பட்டு பாட்டா தாகத்தோடயே இருப்பாரு, கேட்டா வேண்டாம் மக்களேன்னுருவாரு, வெள்ளம் குறைஞ்சா மலச்சிக்கல், அதுலயும் மாத்திரை சரியா பிடிக்காது. இதெல்லாம் வீட்டுல ஆள் சுத்தி இருக்கும்போதே. ஜெயில்ல கூட இருந்த கைதிகள்தான் ஃபாதர குளிக்கவும் சாப்பிடவும் உதவி பண்ணியிருக்காங்க, அத அவரே கடிதத்துல எழுதியிருந்தாரு. 2021 மே மாசம் வீடியோவுல பம்பாய் ஹைகோர்ட்டு ஜட்ஜுங்ககிட்ட, வரும்போது நானே சாப்பிட்டேன், எழுதுனேன், நடந்தேன், இப்ப யாராவது ஊட்டித்தான் விடணும்னு சொன்னாரு. ஜூலை 5ஆம் தேதி பாந்த்ரா ஹோலி ஃபேமிலி ஆஸ்பத்திரியில இறந்துட்டாரு, அன்னைக்குதான் அவரு ஜாமீன் மனுவும் கோர்ட்டுக்கு வந்துச்சு. வழக்கு விசாரணை கடைசி வரைக்கும் ஆரம்பிக்கவே இல்ல.

சரி, கப்புக்கு வரேன். நடுக்கம் ஆரம்பத்துல இருக்க ஆளுக்கு இது கொள்ளாம், மூணரை ஸ்டார் கொடுப்பேன், பிரஷ்ஷும் இருந்திருந்தா நாலு. நடுக்கம் ரொம்ப கூடிட்டா இது பத்தாது, கூட ஒரு ஆள் பிடிக்கணும். வாங்கும்போதே ரெண்டு ஸ்ட்ரா கூடுதலா கேளுங்க, பாட்டா கடிச்சு கடிச்சு முனை ஏற்கனவே கிழிய ஆரம்பிச்சாச்சு.